புதைகுழியும் வேரும்: செபுல்டுரா இசைக்குழுவின் நாற்பது ஆண்டுகள்

உரத்த மின்கிட்டார் இசையை ‘இரைச்சல்’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்கு எளிது. நாமும் நெடுங்காலம் அப்படித்தான் ஒதுக்கி வந்தோம். தமிழிலக்கியம் பயிற்றுவிப்பவருக்கு அதில் என்ன கிடைத்துவிடப் போகிறது என்ற அலட்சியமே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர், ‘ஐயா, இதில் பழங்குடிப் பாட்டு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்’ என்று ஓர் இசைத்தட்டைக் கையில் தந்தார். ‘ரூட்ஸ்’ என்பது அதன் பெயர். செபுல்டுரா என்ற பிரேசில் நாட்டுக் குழு 1996 இல் வெளியிட்டது. முதல் முறை கேட்டபோது தலைவலிதான் மிஞ்சியது. ஆனால் தட்டின் நடுவே கிட்டார்களின் கர்ஜனை சட்டென்று அடங்கி, திறந்தவெளியில் பலர் கூடிநின்று கால்களால் நிலத்தை மிதித்துப் பாடும் ஒலி எழுந்தது. இந்த இரண்டும் ஒரே தட்டில் எப்படி வந்து சேர்ந்தன என்ற கேள்வி நம்மை விடவில்லை. அதைத் தொடர்ந்து சென்று அறிந்ததே இக்கட்டுரை.

முதலில் வகைமை பற்றி ஒரு சொல். த்ராஷ் மெட்டல் என்பது 1980களின் தொடக்கத்தில் உருப்பெற்ற இசை. எழுபதுகளின் இறுதியில் பிரிட்டனில் புத்துயிர் பெற்ற ஹெவி மெட்டலின் கனமும், பங்க் இசையின் வேகமும் சினமும் கலந்து பிறந்தது. மெட்டாலிகா, ஸ்லேயர் ஆகிய இரு அமெரிக்கக் குழுக்களின் முதல் தட்டுகளும் 1983 இல் வெளிவந்தன. ஜெர்மனியில் கிரியேட்டர், சோடம், டிஸ்ட்ரக்ஷன் போன்ற குழுக்கள் அதே பாதையில் வந்தன. தொல்காப்பியர் வகுத்த வண்ணங்களில் வல்லிசையும் முடுகும் உண்டு. அவ்விரண்டையும் சேர்த்து மின்சாரம் பாய்ச்சினால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துகொண்டால், இவ்விசையின் இயல்பு நமக்கு ஓரளவு பிடிபடும்.

*

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத் தலைநகரம் பெலோ ஹொரிசோன்டே. பெயருக்கு ‘அழகிய தொடுவானம்’ என்று பொருள். மாநிலத்தின் பெயரோ சுரங்கங்களால் வந்தது. பொன்னும் வைரமும் பின்னர் இரும்பும் தோண்டப்பட்ட மண் அது. 1897 இல் திட்டமிட்டுக் கட்டித் திறக்கப்பட்ட இந்நகரின் சாண்டா டெரெசா பகுதியில்தான் மில்டன் நாசிமென்டோவும் லோ போர்ஜஸும் நண்பர்களும் ‘தெருமுனை மன்றம்’ என்று பொருள்படும் ‘க்ளூபி டா எஸ்கீனா’ இசை வட்டத்தை உருவாக்கினர். 1972 இல் வந்த அவர்களுடைய தட்டு பிரேசில் இசையின் பெருமிதங்களுள் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே பகுதியின் தெருக்களில்தான் செபுல்டுராவும் வளர்ந்தது. இரண்டுக்கும் ஒலியில் எவ்வித உறவும் இல்லை. ஒரே தெருவில் தென்றலும் சூறையும் பிறந்தன என்றே கொள்ளலாம்.

குழுவைத் தொடங்கியவர்கள் மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்ற சகோதரர்கள். மாக்ஸ் 1969 இலும் இகோர் 1970 இலும் பிறந்தவர்கள். தந்தை கிராசியானோ, சாவோ பாவ்லோவில் இத்தாலியத் துணைத் தூதரகத்தில் பணியாற்றியவர். 1979 இல் மாரடைப்பால் இறந்தார். வசதியாக வாழ்ந்த குடும்பம் ஒரே நாளில் சரிந்தது. தாயும் பிள்ளைகளும் பெலோ ஹொரிசோன்டே வந்து சேர்ந்தனர். பத்து வயதை எட்டாத சிறுவன் தந்தையின் சாவுக்குப் பிறகு பற்றிக்கொண்ட பிடிமானம் இசை. 1981 இல் சாவோ பாவ்லோவின் மொரும்பி அரங்கில் குவீன் குழு நிகழ்த்திய கச்சேரியே சகோதரர்கள் கண்ட முதல் பெருங்கச்சேரி.

1984 இல் குழு உருவானபோது பெயர் தேவைப்பட்டது. பிரிட்டனின் மோட்டார்ஹெட் குழுவுடைய பாடல் ஒன்றை மாக்ஸ் ஆங்கிலத்திலிருந்து போர்த்துக்கீசியத்துக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ‘கல்லறை’ என்ற பொருளில் வந்த சொல்லுக்கு நேரான போர்த்துக்கீசியச் சொல் ‘செபுல்டுரா’. அதுவே பெயராக நின்றது. இக்குழுவின் பெயர் ஒரு மொழிபெயர்ப்பில் பிறந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. அந்நியர் பாட்டைத் தன் மொழியில் பொருள் கொள்ள முயன்ற சிறுவனின் வேலையிலிருந்து வந்த பெயர் அது. பின்னர் நடந்தவை அனைத்துக்கும் அதில் ஒரு முன்குறிப்பு இருக்கிறது.

பிரேசிலில் 1964 இல் தொடங்கிய ராணுவ ஆட்சி 1985 இல் முடிவுக்கு வந்தது. குழுவின் முதல் பதிவும் அதே ஆண்டில்தான். நகரில் ‘கொகுமெலோ’ என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. அக்கடை பதிப்பகமாகவும் மாறி, உள்ளூர்க் குழுக்களின் தட்டுகளை வெளியிடத் தொடங்கியது. அதன் முதல் வெளியீட்டில் ஒரு பக்கம் ஓவர்டோஸ் குழு, மறுபக்கம் செபுல்டுரா. இவர்கள் பக்கத்தின் பெயர் ‘பெஸ்டியல் டெவாஸ்டேஷன்’. இரண்டே நாளில் பதிவு முடிந்தது. 1986 இல் ‘மார்பிட் விஷன்ஸ்’. ஆங்கிலம் அரைகுறை, கிட்டாருக்குச் சுருதி சேர்க்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை. ஆயினும் அச்சுருதிபேதத்தையே பின்னாளில் வடதுருவ நாடுகளின் மெட்டல் இசைஞர்கள் விரும்பிக் கேட்டனர் என்பது வரலாற்றின் வேடிக்கை. தொடக்கத்தில் பாடிய வாக்னர் லாமௌனியர் 1985 இல் விலகிச் சென்று ‘சார்கோஃபாகோ’ குழுவில் சேர்ந்தார். அதன்பின் பாடும் பொறுப்பு மாக்ஸிடம் வந்தது.

*

1987 இல் கிட்டார் இசைஞர் ஜைரோ கெட்ஸ் விலக, சாவோ பாவ்லோவை அடுத்த தொழில்நகரமான சாவோ பெர்னார்டோ டோ காம்போவிலிருந்து ஆந்த்ரேயாஸ் கிஸ்ஸர் வந்து சேர்ந்தார். மாக்ஸ், இகோர், பேஸ் கிட்டார் வாசித்த பாவ்லோ ஜூனியர், ஆந்த்ரேயாஸ் என்ற நால்வர் அணி இவ்வாறு அமைந்தது. அவ்வாண்டு வந்த ‘ஸ்கிசோஃப்ரீனியா’ தட்டில் முரட்டு ஆர்வம் கைத்தேர்ச்சியாக மாறியிருப்பதைக் கேட்கலாம்.

நெதர்லாந்தில் தோன்றிய ரோட்ரன்னர் நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒலிப்பதிவுக் கலைஞர் ஸ்காட் பர்ன்ஸ் சொற்ப ஊதியத்துக்கு அமெரிக்காவிலிருந்து ரியோ டி ஜெனிரோ வந்தார். 1988 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில், ‘பினீத் த ரிமெயின்ஸ்’ பதிவாயிற்று. 1989 இல் வெளிவந்த அத்தட்டு த்ராஷ் மெட்டலின் செவ்வியல் படைப்புகளுள் ஒன்றாக இன்று எண்ணப்படுகிறது. அவ்வாண்டே சோடம் குழுவுடன் ஐரோப்பியப் பயணம். 1991 ஜனவரியில் மரக்கானா அரங்கில் நடந்த ‘ராக் இன் ரியோ’ விழாவில் மேடையேறினர். அதே ஆண்டு அமெரிக்காவின் டாம்பா நகரில் பதிவான ‘அரைஸ்’ வந்தது. 1992 இல் இந்தோனேசியா வரை சென்று வாசித்தனர்.

இதுவரை உள்ள வரலாறு உழைப்பால் உயர்ந்த எந்தக் குழுவின் வரலாற்றுக்கும் ஒப்பானதே. அமெரிக்கரும் ஜெர்மானியரும் வகுத்த இலக்கணத்தை இவர்கள் கசடறக் கற்று, அவர்களுக்கு இணையாக எழுதிக் காட்டினார்கள். ஆனால் கற்ற இலக்கணத்தில் தமக்கென ஒரு பொருளைச் சொல்வது வேறு. அது 1993 இல்தான் நிகழ்ந்தது.

*

அவ்வாண்டு வந்த ‘கேயாஸ் ஏ.டி.’ வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆண்டி வாலஸ் தயாரிப்பில் பதிவானது. முதற்செய்தி, வேகம் குறைந்தது. குறைந்த வேகத்தில் இகோரின் மேளம் மூச்சுவிட இடம் கிடைத்தது. அந்த இடைவெளிகளில் பிரேசிலின் தெருவிழாத் தாளங்கள் புகுந்தன. வேகமாய் ஓடும்போது எல்லோரும் ஒன்றுபோலத்தான் ஓடுகிறார்கள். நடக்கும்போதுதான் ஒருவருடைய நடை தெரிகிறது. செபுல்டுராவின் நடை அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது, பொருள் மாறியது. பேய், பிணம் என்ற விடலைப்பருவக் கற்பனைகள் விலகின. 1992 அக்டோபர் 2 அன்று சாவோ பாவ்லோவின் கரண்டிரு சிறையில் எழுந்த கலவரத்தை அடக்க நுழைந்த ராணுவக் காவல்படை நடத்திய படுகொலையில் 111 கைதிகள் மாண்டனர். அந்நிகழ்வைப் பொருளாகக் கொண்டது ‘மேனிஃபெஸ்ட்’ என்ற பாடல். நிலமிழந்து தற்கொலை செய்துகொண்ட குவாரனி-கயோவா பழங்குடி மக்களின் நினைவில் அமைந்தது ‘கயோவாஸ்’. இது சொற்களே இல்லாத, மின்சாரம் தொடாத கிட்டாரும் மேளமும் மட்டும் கொண்ட படைப்பு. வேல்ஸின் செப்ஸ்டோ கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே அது பதிவு செய்யப்பட்டது. தட்டின் தொடக்கத்தில் ஒரு இதயத்துடிப்பு கேட்கிறது. பிறக்கவிருந்த மாக்ஸின் மகனுடைய கருவறைத் துடிப்பு அது. புதைகுழி என்று பெயர் வைத்துக்கொண்ட குழு தன் புதிய தட்டை ஒரு கருவின் துடிப்போடு தொடங்கியதை நாம் தற்செயல் என்று கடந்துவிட முடியவில்லை.

அதற்குள் மாக்ஸ், குழுவின் மேலாளராக இருந்த குளோரியாவை மணந்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் குடியேறியிருந்தார். பிரேசிலை விட்டு விலகிச் சென்ற பிறகுதான் பிரேசில் அவருடைய பாட்டுக்குள் முழுமையாக வந்தது. ஊரைப் பிரிந்தவர்களே ஊரை எழுதுகிறார்கள் என்பது இலக்கிய வாசகர்களுக்குப் புதிய செய்தி அன்று.

*

1995 நவம்பரில் குழுவினர் மாட்டோ குரோசோ மாநிலத்தின் பிமென்டெல் பார்போசா என்ற ஷவான்டே பழங்குடிக் கிராமத்துக்குச் சென்றனர். இக்கிராமப் பெயருக்குப் பின்னே ஒரு கதை உண்டு. பிமென்டெல் பார்போசா என்பவர் பழங்குடியினரை அணுகி ‘அமைதிப்படுத்த’ அரசு அனுப்பிய குழுவின் தலைவர். 1941 இல் ஷவான்டேக்கள் அவரையும் உடன் வந்தவர்களையும் கொன்றனர். 1946 இல்தான் அரசுடன் அமைதியான தொடர்பு ஏற்பட்டது. கொல்லப்பட்டவரின் பெயரையே அந்நிலம் இன்று தாங்கி நிற்கிறது.

ஒலிப்பதிவுக் கருவியும் ஷவான்டேக்களுக்குப் புதிதன்று. பிரேசில் நாடாளுமன்றத்துக்கு 1982 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பழங்குடி உறுப்பினர் மாரியோ ஜுருனா ஒரு ஷவான்டே. வெள்ளையர் வாக்குக் கொடுத்துவிட்டு மறுப்பார்கள் என்பதால், அதிகாரிகளைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் கையில் ஒலிப்பதிவுப் பெட்டியோடு சென்றவர். எழுத்து எதிராளியின் கருவியாக இருந்த இடத்தில், குரலைப் பிடித்து வைப்பதைத் தம் கருவியாக்கிக்கொண்டவர். ஷவான்டே மரபில் இளைஞர்கள் கனவில் பாடலைப் பெற்று, விழித்தபின் தோழர்களுக்குக் கற்பித்து, அனைவரும் கூடிப் பாடுவர். பாட்டு ஒருவருக்கு வருகிறது. ஆனால் அது ஒருவருடையதாக நிற்பதில்லை.

இத்தகைய மக்களிடம்தான் நான்கு நகரத்து இளைஞர்கள் கிட்டார்களோடு சென்றனர். உடலில் வண்ணம் பூசிக்கொண்டனர், வாசித்தனர், வாசிக்கக் கேட்டனர். அவ்வாறு பதிவானதே ‘இட்சாரி’. ஷவான்டே மொழியில் ‘வேர்’ என்று பொருள். நாம் முதலில் கேட்டுத் திகைத்தது இதைத்தான். தட்டின் பிற பகுதிகள் கலிபோர்னியாவின் மாலிபுவில் ராஸ் ராபின்சன் தயாரிப்பில் பதிவாயின. பாஹியா மாநிலத்தின் தாளமேதை கார்லின்யோஸ் பிரவுன் வந்து ‘ரட்டமஹட்டா’ பாடலில் பாடினார், கொட்டினார். அமேசான் காடுகளுக்காகப் போராடி 1988 இல் கொல்லப்பட்ட சீக்கோ மெண்டஸ் நினைவில் ஒரு பாடல் உண்டு. ராணுவ ஆட்சியைப் பழித்து ஒரு பாடல் உண்டு. அட்டைப்படத்தில் உள்ள பழங்குடி முகம் பிரேசிலின் பழைய பணத்தாள் ஒன்றிலிருந்து எடுத்தது. தன் பழங்குடிகளைப் பணத்தாளில் மட்டும் போற்றிய நாட்டைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக என்ன சொல்லிவிட முடியும்?

இங்கே ஒரு கேள்வியை மறைக்காமல் கேட்க வேண்டும். இது கொடுக்கல்வாங்கலா, கவர்தலா? 1928 இல் பிரேசில் எழுத்தாளர் ஓஸ்வால்ட் டி ஆந்த்ராடே ‘நரமாமிச அறிக்கை’ என்ற புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். பகைவனை உண்டு அவன் ஆற்றலைத் தனதாக்கிக்கொண்ட தூப்பி மக்களைப் போல, பிரேசில் கலைஞர்கள் ஐரோப்பாவைப் பின்பற்றாமல் விழுங்கிச் செரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கில மெட்டலைச் செரித்து ‘கேயாஸ் ஏ.டி.’ தந்த செபுல்டுராவை அம்மரபின் வாரிசு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் வலியவனை மெலியவன் உண்பதும், மெலியவனை வலியவன் உண்பதும் ஒன்றல்ல. உலகச் சந்தையுள்ள குழு ஒரு கிராமத்தின் பாட்டை எடுத்துக்கொள்ளும்போது அறத்தின் அளவுகோல் மாறிவிடுகிறது.

நம் கருத்தில், ‘இட்சாரி’யைக் காப்பாற்றுவது ஒரு எளிய செயல். அவர்கள் பாட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தம் பாட்டுக்கு அலங்காரமாக்கவில்லை. தம் மின்கருவிகளை வைத்துவிட்டு, தாமும் அக்கூட்டத்தில் நின்று வாசித்தார்கள். அந்தப் பாட்டில் முன்நிற்பது ஷவான்டேக்களின் குரல், நட்சத்திரங்கள் பின்நிற்கிறார்கள். கேள்வி முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. விருந்தினர் பந்தியில் எப்படி அமர வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

*

வேரைத் தேடிச் சென்ற ஆண்டிலேயே குழு வேரோடு பெயர்ந்தது. 1996 ஆகஸ்டில் குளோரியாவின் மகன், மாக்ஸ் தன் மகனாகவே கருதியவர், ஃபீனிக்ஸில் கார் விபத்தில் இறந்தார். குழு அப்போது இங்கிலாந்தின் டானிங்டன் விழாவுக்காக வந்திருந்தது. மாக்ஸும் குளோரியாவும் உடனே ஊர் திரும்ப, மறுநாள் மற்ற மூவரும் ஆந்த்ரேயாஸைப் பாடவைத்து மேடையேறினர். சில வாரங்களில் மாக்ஸ் திரும்பி வந்து பயணத்தைத் தொடர்ந்தார். ஆனால் விரிசல் ஆழமாகிவிட்டிருந்தது. குளோரியாவின் மேலாண்மை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று மற்ற மூவரும் தெரிவித்தனர். 1996 டிசம்பர் 16 அன்று லண்டனின் பிரிக்ஸ்டன் அகாதமியில் நடந்த கச்சேரியே நால்வரும் சேர்ந்து வாசித்த இறுதிக் கச்சேரி ஆயிற்று. அதன் பதிவு 2002 இல் தட்டாக வந்தது. அறிந்து கேட்பவருக்கு அது கனமான அனுபவம். அவ்வளவு சேர்ந்து வாசிக்கிறார்கள்.

யார் பக்கம் நியாயம்? துக்கத்தில் இருந்தவனின் மனைவியை விலக்கச் சொன்னது துரோகம் என்றார் மாக்ஸ். ஒருவருடைய மனைவி நால்வருக்கும் மேலாளராக இருந்தால் நடுநிலை இராது என்றனர் மற்றவர்கள். இரு பக்கத்தையும் படிக்கும்போது, இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றே தோன்றுகிறது. நம்மை உறுத்துவது வேறொன்று. தந்தையை இழந்த நாளிலிருந்து ஒன்றாக வளர்ந்த சகோதரர்களில் ஒருவர் வெளியேறினார்; மற்றவர் மேளத்தின் முன் அப்படியே அமர்ந்திருந்தார். சுமார் பத்தாண்டுகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மாக்ஸ் 1997 இல் ‘சோல்ஃப்ளை’ குழுவைத் தொடங்கினார். செபுல்டுராவுக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலிருந்து டெரிக் கிரீன் என்ற கறுப்பினப் பாடகர் வந்தார். 1998 இல் ‘அகைன்ஸ்ட்’ வெளிவந்தது. பழைய ரசிகர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. தட்டுகளின் விற்பனை சரிந்தது. சில ஆண்டுகளில் ரோட்ரன்னர் நிறுவனத்தோடு உறவும் முடிந்தது. டெரிக் கிரீன் போர்த்துக்கீசியம் கற்று, சாவோ பாவ்லோவில் குடியேறி வாழ்ந்தார். பிரேசிலில் பிறந்த பாடகர் அமெரிக்காவுக்குப் போனார், அமெரிக்காவில் பிறந்த பாடகர் பிரேசிலுக்கு வந்தார். வேர் என்பது பிறந்த இடமா, ஊன்றிய இடமா என்று கேட்பவருக்கு இவ்விருவரின் வாழ்வே போதிய விடை.

இலக்கிய வாசகர்கள் பின்னாளைய தட்டுகளில் இரண்டையேனும் கேட்க வேண்டும். 2006 இல் வந்த ‘டான்டே XXI’ இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தை நரகம், கழுவாய், சொர்க்கம் என்ற வரிசையில் தொடர்வது. 2009 இல் வந்த ‘ஏ-லெக்ஸ்’ அந்தனி பர்ஜஸ் 1962 இல் எழுதிய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ நாவலை அடிப்படையாகக் கொண்டது. கதைத்தலைவன் அலெக்ஸின் பெயரைப் பிரித்து, ‘சட்டமின்மை’ என்ற லத்தீன் பொருள் தொனிக்கவைத்த தலைப்பு அது. இவற்றைப் புகழ் குறைந்த காலத்துச் சரக்கு என்று ஒதுக்குவது முறையாகாது. யாரும் கேட்காதபோதும் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தவர்களின் வேலை அது.

2006 இல் இகோரும் விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபீனிக்ஸில், பத்தாண்டுகளுக்கு முன் இறந்த அம்மகனின் நினைவுக் கச்சேரியில், சகோதரர்கள் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். பிரித்த மரணமே சேர்த்தும் வைத்தது. ‘கவலேரா கான்ஸ்பிரசி’ என்ற புதுக்குழு பிறந்தது. செபுல்டுராவில் அப்போது கவலேரா ஒருவர்கூட இல்லை.

*

அப்படியானால் செபுல்டுரா யார்? பெயரைத் தேடிக் கண்டவர்கள் வெளியே. பெயரைக் காப்பவர்கள் உள்ளே. 2016 இல் சகோதரர்கள் ‘ரூட்ஸ்’ தட்டை முழுமையாக வாசித்து உலகைச் சுற்றினர். 2023 இல் தம் விடலைப்பருவத்து முதல் இரு பதிவுகளையும் ‘கவலேரா’ என்ற பெயரில் மீண்டும் பதிவு செய்தனர். இன்னொரு புறம் ஆந்த்ரேயாஸும் பாவ்லோவும் டெரிக்கும், எலாய் கசாக்ராண்டே என்ற இளம் மேளக்காரரோடு, 2020 இல் ‘குவாட்ரா’ என்ற தட்டைத் தந்தனர். ‘குவாட்ரா’ என்றால் போர்த்துக்கீசியத்தில் விளையாட்டுக் களம். கோடு கிழித்த களத்துக்குள் விதிகளுக்கு உட்பட்டு ஆடுவதே மனித வாழ்வு என்பது அதன் கரு. பல விமர்சகர்கள் அதைக் குழுவின் தலைசிறந்த படைப்புகளோடு வைத்துப் பேசினர். நாற்பதாண்டை நெருங்கும் குழுவுக்கு அது அரிய பேறு.

2022 இல் ஆந்த்ரேயாஸின் மனைவி புற்றுநோயால் இறந்தார். அதன்பின் அவர் கண்ணியமான சாவைப் பற்றிப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார். 2023 டிசம்பரில் குழு தன் முடிவை அறிவித்தது. சண்டையோ சோர்வோ காரணமல்ல. நல்ல நிலையில் இருக்கும்போதே, அறிந்தே, திட்டமிட்டே விடைபெறுவது என்று. ‘சாவின் வழியே வாழ்வைக் கொண்டாடல்’ என்று பொருள்படும் பெயரில் விடைப்பயணம் 2024 மார்ச் 1 அன்று, தொடங்கிய ஊரான பெலோ ஹொரிசோன்டேயிலேயே தொடங்கியது. புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு எலாய் விலகி ‘ஸ்லிப்நாட்’ குழுவுக்குச் செல்ல, கிரேசன் நெக்ருட்மன் என்ற இளைஞர் அவ்விடத்தில் அமர்ந்தார். நாற்பது நகரங்களில் நாற்பது பாடல்களைப் பதிவு செய்வது பயணத்தின் திட்டம். சகோதரர்கள் இருவரும் இல்லாமலே அப்பயணம் தொடங்கியது. அது நமக்கு வருத்தமே.

ஆயினும் ஷவான்டே இளைஞரை நினைத்துக்கொள்கிறோம். பாட்டு கனவில் அவருக்குத்தான் வந்தது. விடிந்ததும் அதைத் தோழர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் பாடாத நாளிலும் தோழர்கள் பாடுகிறார்கள். அதைத் திருட்டு என்று அம்மக்கள் சொல்வதில்லை, பாட்டு என்றே சொல்கிறார்கள். மாக்ஸுக்கு வந்த கனவை முப்பதாண்டுக் காலம் பிறர் பாடினார்கள். அவரும் தன் பங்குக்குப் பாடினார்.

தட்டைத் தந்த மாணவர் படிப்பு முடித்துச் சென்றுவிட்டார். தட்டு நம் மேசையில் இருக்கிறது. இன்றும் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க நம்மால் இயலாது. ‘இட்சாரி’ வரும்போது மட்டும் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேட்கிறோம்.